கல்லில் எழுதிய உரை: எடின்பரோ ஸ்காட் நினைவுச்சின்னம்

முன்னுரை

அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் கல்லெடுத்தல் உலகின் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கு. எழுத்தாளர் ஒருவர்க்கு, அதிலும் கதை எழுதிப் புகழ் பெற்ற ஒருவர்க்கு, ஒரு தலைநகரின் நடுவே கோபுரம் நிகர்த்த கற்சின்னம் எழுப்புதல் அத்துணைப் பெருவழக்கன்று. ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், பிரின்சஸ் தெருப் பூங்காவின் கிழக்குப் பகுதியில், சர் வால்ட்டர் ஸ்காட் என்னும் புலவர்க்கு அத்தகைய சின்னம் ஒன்று நிற்கின்றது. அதன் உயரம் 200 அடி 6 அங்குலம். உள்ளே வளைந்தேறும் குறுகிய படிக்கட்டில் 287 படிகள் உள்ளன. எழுத்தாளர்க்கென எடுக்கப்பட்ட நினைவுச்சின்னங்களுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக இது எண்ணப்படுகின்றது.

இச்சின்னத்தைக் கட்டடக்கலை நோக்கில் ஆராய்ந்தோர் பலர். நாம் ஈண்டு மேற்கொள்வது வேறொரு நோக்கு. ஸ்காட்டின் பாடல்களையும் புதினங்களையும் மூலம் எனக் கொண்டால், இச்சின்னத்தை அம்மூலத்திற்குக் கல்லில் எழுதப்பட்ட உரை எனக் கொள்ள இடமுண்டு. அவர்தம் கதைமாந்தர் இதன் மாடங்களில் நிற்கின்றனர். அவர்க்கு முற்பட்ட புலவர்களின் தலைகள் இதன் தூண்களில் செதுக்கப்பட்டுள்ளன. அவர் விரும்பிய பழங்கட்டடக் கலையே இதன் வடிவாக அமைந்துள்ளது. எனவே, ஓர் உரையைப் பார்த்து நாம் கேட்கும் வினாக்களை இக்கல்லைப் பார்த்தும் கேட்கலாம். இது மூலத்தின் கருத்தை விளக்குகின்றதா? மூலத்தின் முறையை மாற்றுகின்றதா? கூறவேண்டியதைக் கூறாது விடுகின்றதா? இறுதியாக, மூலம் கற்கப்படாத காலத்தில் இவ்வுரை தனித்து நின்று பயன் தருமா? இந்நான்கனுள் இறுதி வினாவே தலையாயது. புலவர்க்குச் சிலையெடுக்கும் எந்நாட்டார்க்கும் அது பொதுவான வினாவாதலின், இவ்வாய்வு ஒரு நகரத்துச் சின்னத்தைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடாது.

இடமும் வரலாறும்

பிரின்சஸ் தெருப் பூங்கா அமைந்துள்ள பள்ளத்தாக்கில் முன்னாளில் 'நார் லாக்' என்னும் ஏரி இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி அவ்வேரி சிறிது சிறிதாக வடிக்கப்பட்டது. பள்ளத்தின் தெற்கே குன்றின்மேல் கோட்டையும் நெருங்கிய வீடுகளும் உடைய பழைய நகரம். வடக்கே நேரிய அகன்ற தெருக்களாகத் திட்டமிட்டு எழுப்பிய புதிய நகரம். இவ்விரண்டிற்கும் நடுவே கிடந்த நிலமே பூங்காவாயிற்று. ஸ்காட்டின் முதற் புதினமாகிய 'வேவர்லி' 1814-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1745-இல் நிகழ்ந்த கிளர்ச்சியை, ஏறத்தாழ அறுபதாண்டுகட்கு முற்பட்ட காலத்தை, அது தன் களமாகக் கொண்டது. மறைந்துவரும் பழைய வாழ்வும் வளர்ந்துவரும் புதிய வாழ்வும் ஒன்றையொன்று எதிர்ப்படும் இடமே அவர்தம் சிறந்த புதினங்களின் களம். பழைய நகரத்திற்கும் புதிய நகரத்திற்கும் இடையே அவர்க்குக் கல் நட்டமை, கருதிச் செய்யினும் கருதாது அமையினும், மூலத்தோடு பொருந்திய செயலே என்க.

ஸ்காட் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்து, 1832 செப்டம்பர் 21-இல் மறைந்தார். அவர் நினைவாகப் பொதுமக்கள் நன்கொடை திரட்டினர். 1836-இல் சின்னத்திற்குரிய வரைபடங்களுக்குப் போட்டி அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்ற மூவருள் ஒருவர் 'ஜான் மார்வோ' என்னும் பெயரால் தம் வரைபடத்தை விடுத்திருந்தார். அவரது இயற்பெயர் ஜார்ஜ் மெய்க்கில் கெம்ப். ஆட்டிடையர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தச்சுத்தொழில் பயின்று, பழைய தேவாலயங்களை நடந்தே சென்று கண்டும் அளந்தும் வரைந்தும் தாமே கட்டடக்கலை கற்றவர் அவர். 1838-இல் அவருடைய வரைபடமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஸ்காட்டின் பிறந்த நாளாகிய ஆகஸ்டு 15-இல், 1840-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றது. அதே நாளில், 1846-ஆம் ஆண்டு சின்னம் திறக்கப்பெற்றது. அத்திறப்பைக் காணக் கெம்ப் இல்லை. 1844 மார்ச்சுத் திங்கள் 6-ஆம் நாள் மாலை வீடு திரும்பும் வழியில் அவர் யூனியன் கால்வாயில் வீழ்ந்து இறந்தார்.

வடிவமும் அதன் பொருத்தமும்

நான்கு பெருவளைவுகள் தாங்கி நிற்கக் கூம்பிச் செல்லும் கோபுரமும், நான்கு மூலைகளிலும் அதற்கு முட்டுக் கொடுக்கும் சிறுகோபுரங்களும் இச்சின்னத்தின் வடிவம். வளைவுகளின் அடியில், படிகளின்மேல், ஸ்காட்டின் உருவம் அமர்ந்துள்ளது. ஜான் ஸ்டீல் என்னும் சிற்பி இத்தாலி நாட்டுக் கராரா வெண்பளிங்கில் அதனை வடித்தார். எல்லைப்புற இடையர் போர்த்தும் போர்வையைப் போர்த்தி, இறகுப் பேனாவுடன், எழுத்தினின்று சிறிது ஓய்ந்திருக்கும் நிலையில் ஸ்காட் காணப்படுகின்றார். அவர் பக்கத்தில் மெய்டா என்னும் அவரது வேட்டைநாய் படுத்துள்ளது.

சின்னம் எழுந்த காலத்திலேயே அதனைக் குறைகூறினோரும் இருந்தனர். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் நண்பர்க்கு எழுதிய மடலொன்றில் இது தோல்வியுற்ற முயற்சி என்றார். தேவாலயம் ஒன்றின் கோபுரத்தை மட்டும் பெயர்த்துத் தரையில் நட்டு வைத்தது போலும் என்பது அவர் கருத்து. கலைத்திறனாய்வாளர் ஜான் ரஸ்கினும் ஏறத்தாழ இதே குறையைக் கூறினார். இக்கூற்றை எளிதிற் புறந்தள்ளுதல் கூடாது. கோபுரம் என்பது ஒரு வழிபாட்டிடத்தின் உறுப்பு. தான் சுட்டும் கோயில் இன்றித் தனித்து நிற்கும் கோபுரம் பொருளற்றது என்பது அவ்வறிஞர்தம் வாதத்தின் அடிப்படை.

இதற்கு விடை ஸ்காட்டின் நூல்களிலேயே உள்ளது. 1805-இல் அவர் வெளியிட்ட 'கடைசிப் பாணனின் பாட்டு' என்னும் நெடும்பாடல் மெல்ரோஸ் என்னும் ஊரின் பாழ்பட்ட மடத்தை நிலவொளியில் வைத்துப் பாடியது. அப்பாட்டாலேயே அம்மடம் நாடெங்கும் புகழ்பெற்றது. பின்னர், 1822-இல் அம்மடத்தைப் பழுதுபார்க்கும் பணியை ஸ்காட்டே மேற்பார்த்தார். கெம்ப் பலகாலும் சென்று அளந்து வரைந்ததும் அம்மடத்தையே. அவர் போட்டிக்கு மேற்கொண்ட புனைபெயரும் மெல்ரோஸ் மடத்துக் கல்வெட்டொன்றில் காணப்படும் பழைய கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயரைத் தழுவியது. ஆகவே, பாழ்பட்ட கல் புலவரின் சொல்லால் உயிர்பெற்றது. அச்சொல் ஒரு தச்சரை அக்கல்லிடம் அழைத்துச் சென்றது. அக்கல்லைக் கற்ற தச்சர் அச்சொல்லுக்குரியார்க்குக் கல் எடுத்தார். இவ்வடிவம் புறத்தேயிருந்து கொணர்ந்து ஒட்டிய அணியன்று, மூலத்தினின்றே எடுத்தது. டிக்கன்ஸ் தேடிய கோயில் எங்கே என்று வினவுவார்க்கு, அது ஸ்காட்டின் பாட்டில் உள்ளது எனல் வேண்டும்.

எனினும், அவர்கள் கூற்றில் ஒரு பகுதி உண்மையே. கோபுரத்தின் உயரம் நோக்குவார் கண்ணை மேலே இழுத்துச் செல்கின்றது. இயல்பான ஆளுருவினும் பெரிதாகச் செய்யப்பட்ட வெண்பளிங்கு உருவம் அதன் கீழே சிறுத்துத் தோன்றுகின்றது. ஆடம்பரமற்ற இருக்கையும் இடையர் போர்வையும் மூலத்தின் இயல்பை உணர்த்துவன. மேலேயுள்ள சிற்பச்செறிவு அவ்வியல்பை மறைப்பது. விளக்கவந்த உரை தன் பெருமையால் பாட்டை மறைத்தல் உரைநூல்களிலும் நாம் காணும் குறையே.

கதைமாந்தர் நிற்கும் முறை

ஸ்காட்டின் நூல்களில் வரும் மாந்தர் இச்சின்னத்தின் மாடங்களில் உருவங்களாக நிற்கின்றனர். தரையிலிருந்து காணத்தக்க உருவங்கள் 64. மேல்மாடத்திற்கு ஏறினாலன்றிக் காணவியலாத உருவங்கள் 4. இவை யாவும் திறப்புவிழாவன்றே நின்றன அல்ல. பல மாடங்கள் அன்று வெறுமையாயிருந்தன. பின்வந்த ஆண்டுகளில், சிறப்பாக 1870-களிலும் 1880-களிலும், அவை நிரப்பப்பெற்றன. இன்றும் மேற்பகுதியில் 32 மாடங்கள் வெறுமையாகவே உள்ளன.

தொடக்கத்திலேயே முதன்மையான இடங்களைப் பெற்றோருள் நால்வர் கருதத்தக்கவர்: 'வேவர்லி'யில் வரும் இளவரசன் சார்ல்ஸ் எட்வர்டு, 1815-இல் வெளிவந்த 'கை மேனரிங்'கில் வரும் நாடோடி மகள் மெக் மெரிலீஸ், 1810-இல் வெளிவந்த பாட்டின் தலைவியாகிய ஏரித்தலைவி, கடைசிப் பாணன். இந்நால்வருள் இளவரசன் உலகில் வாழ்ந்து மறைந்தவன். ஏனை மூவரும் புலவரின் படைப்புகள். வரலாற்று மாந்தரும் புனைந்த மாந்தரும் வேறுபாடின்றி ஒரே வரிசையில், ஒரே அளவினராய், ஒரே கல்லில் நிற்கின்றனர். வரலாற்றுப் புதினம் என்னும் இலக்கிய வகையின் உயிர்நிலை இதுவே. இவ்விலக்கணத்தை நூலால் விளக்கப் பல பக்கங்கள் வேண்டும். இக்கல் ஒரு பார்வையிலேயே விளக்கிவிடுகின்றது. உரையின் தலையாய சிறப்பு இஃதாகும்.

ஆனால், முறை மாற்றமும் இங்கேயே நிகழ்கின்றது. 'வேவர்லி' என்னும் புதினத்தின் தலைவன் இளவரசன் அல்லன். எட்வர்டு வேவர்லி என்னும் நடுத்தர இயல்புடைய இளைஞன். அவன் பெரும்போர் வீரனும் அல்லன், பேரறிஞனும் அல்லன். இரு பக்கங்களுக்கும் இடையே நின்று இரண்டையும் காண்பவன். இளவரசன் கதையின் பிற்பகுதியிலேயே தோன்றுகின்றான். அங்கேரி நாட்டு அறிஞர் ஜார்ஜ் லூக்காச் 1937-இல் வெளியிட்ட வரலாற்றுப் புதினம் பற்றிய நூலில், இத்தகைய நடுத்தர மாந்தரைத் தலைவராக்கி, வரலாற்றுப் பெருமக்களை ஓரத்தில் நிறுத்தியமையே ஸ்காட்டின் புதுமை என்று நிறுவினார். இளவரசனை நடுவண் மாடத்தில் ஏற்றிய சின்னம் அப்புதுமையை மாற்றிவிட்டது. ஓரத்தில் நின்றவனை நடுவே கொணர்ந்தது. பாட்டின் அடிகளை முன்பின்னாக மாட்டித் தாம் கருதிய பொருள் கொள்ளும் நச்சினார்க்கினியரை நாம் பலகாலும் கடிந்துரைக்கின்றோம். அவரேனும் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதனைச் செய்தார். கற்பவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள இடமுண்டு. மாடத்தில் ஏறி நின்ற கல்லோ திருத்தத்திற்கு இடந்தாராது.

இதற்கு ஓரளவு ஈடு செய்வது போலப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட உருவங்களுள் ஜீனி டீன்ஸ் என்பவளும் உளள். 1818-இல் வெளிவந்த 'மிட்லோதியனின் நெஞ்சம்' என்னும் புதினத்தின் தலைவி அவள். எளிய குடியிற் பிறந்தவள். தங்கையைக் காக்கப் பொய்ச்சான்று கூற மறுத்து, அவளுக்கு மன்னிப்பு வேண்டி இலண்டனுக்கு நெடுவழி நடந்து சென்று அரசியை இரந்தவள். ஸ்காட்டின் அறநோக்கு முழுவதும் அவள்பால் உள்ளது எனலாம். இளவரசனுக்கு 1846-இல் கிடைத்த இடத்திற்கு அவள் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

புலவர் தலைகள்

சின்னத்தின் கீழ்ப்பகுதித் தூண்களின் தலைப்புகளில் ஸ்காட்லாந்துப் புலவர் பதினறுவரின் தலைகள் செதுக்கப்பட்டுள்ளன. ராபர்ட் பர்ன்ஸ், ராபர்ட் பெர்கசன், ஆலன் ராம்சே, ஜேம்ஸ் ஹாக், ஜேம்ஸ் தாம்சன், பைரன், ஸ்மாலெட், இலத்தீன் மொழியிற் பாடிய ஜார்ஜ் புக்கானன், சர் டேவிட் லிண்ட்சே, ஹாத்தார்ன்டன் டிரம்மண்டு முதலியோர் அவருள் அடங்குவர். முதலாம் ஜேம்ஸ், ஐந்தாம் ஜேம்ஸ் ஆகிய வேந்தரும் அரசி மேரியும் உள்ளனர். பதினறுவருள் பெண்பாலார் மேரி ஒருவரே. இவர்கள் ஆட்சியால் அன்றிப் பாட்டால் இடம் பெற்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. முன்னோர் தலைகள் தூணின் உச்சியில் இருந்து மேற்கட்டடத்தைத் தாங்குவனபோல் அமைந்தமையும் பொருந்தும். ஸ்காட் தம் இளமையில் நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்து 1802-இல் வெளியிட்டவர். மரபின்மேல் நின்று எழுந்தது அவர் புலமை என்பதனைத் தூண்கள் நன்கு காட்டுகின்றன.

எனினும், விடுபட்டோரை எண்ணும்போதே ஓர் உரையின் எல்லை புலப்படும். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய பெரும்புலவர் வில்லியம் டன்பார் இவ்வரிசையில் இல்லை. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் கேலிக் மொழியினர். ஸ்காட்டின் புதினங்கள் பலவற்றிற்கு உயிராவது அம்மக்களின் வாழ்வும் வீரமும் வீழ்ச்சியுமே. 1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைத் தம் மொழியில் நேரிற் பாடிய அலெக்சாண்டர் மெக்டொனால்டு போன்ற பெரும்புலவர் அம்மொழியில் இருந்தனர். அவருள் ஒருவரும் தூணில் இடம்பெற்றிலர். மலைநாட்டார் மாடத்தில் கதைமாந்தராக நிற்கலாம். தூணில் புலவராக அமர இடமில்லை என்பதாயிற்று. பாடப்படுவோர் என்ற நிலையில் ஒரு மக்களை ஏற்று, பாடுவோர் என்ற நிலையில் அவர்களை மறந்துவிடுதல் இச்சின்னத்தின் கருத்துக் குறைகளுள் முதன்மையானது. இக்குறைக்குக் கெம்ப் ஒருவரைப் பொறுப்பாக்குதல் முறையன்று. அக்காலத்துக் கற்றோர் உலகின் கண்ணே அங்ஙனம் இருந்தது. மேற்பகுதியில் வெறுமையாய் நிற்கும் 32 மாடங்களைக் காணுந்தோறும் இக்குறை நமக்கு நினைவிற்கு வருகின்றது.

பெயரும் பெயரின்மையும்

நடுகல் பற்றிய தமிழ் மரபை அறிந்தார்க்கு இச்சின்னத்தில் வியப்பளிக்கும் செய்தி மற்றொன்று உண்டு. வீழ்ந்த வீரனின் பெயரையும் செயலையும் கல்லில் பொறித்தல் நம் மரபு. யார்க்கு நட்டது, எதன்பொருட்டு நட்டது என்பதனைக் கல்லே கூறும். எடின்பரோச் சின்னத்தில் நிற்கும் கதைமாந்தர் உருவங்களோ, அடியில் பெயர் தாங்கி வழிச்செல்வார்க்குத் தம்மை அறிவித்துக்கொண்டு நிற்பன அல்ல. எழுப்பியோர் அதனை வேண்டியதாகக் கருதவில்லை. உடையையும் ஏந்திய பொருளையும் நிற்கும் நிலையையும் கண்ட அளவிலேயே, இவள் மெக், இவன் பாணன் என நகரத்தார் அறிந்துகொள்வர் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை அக்காலத்திற்குப் பொருந்தியதே. கற்றவரும் கல்லாதவரும் அக்கதைகளைப் படித்தும் கேட்டும் நாடக மேடையிற் கண்டும் அறிந்திருந்தனர். சின்னத்தின் அருகேயுள்ள பெரிய இருப்புப்பாதை நிலையத்திற்கே 'வேவர்லி' என்னும் புதினத்தின் பெயர் வழங்கலாயிற்று.

பெயரைப் பற்றிய இச்செய்தி ஸ்காட்டின் வாழ்வோடும் இயைபுடையது. பாடல்களைத் தம் பெயரால் வெளியிட்ட அவர், புதினங்களைப் பெயர் கூறாமலே வெளியிட்டார். 1814 முதல் பதின்மூன்று ஆண்டுகள் அவர் 'வேவர்லியின் ஆசிரியர்' என்றே வழங்கப்பட்டார். 1826-இல் அச்சக, பதிப்பகத் தொடர்பால் நேர்ந்த பெருங்கடனில் வீழ்ந்தபின், 1827-இல் நடந்த விருந்தொன்றிலேயே தாமே ஆசிரியர் எனப் பொதுவில் ஒப்பினார். தம் பெயரை மறைத்து நூலை முன்னிறுத்திய புலவர்க்கு, தம் பெயரை மறைத்து வரைபடத்தை முன்னிறுத்திய தச்சர் கல்லெடுத்தார். இருவரிடத்தும் படைப்பே முந்தியது, பெயர் பிந்தியது.

மூலத்தை மறந்த காலம்

சின்னத்தின் அடிக்கல்லோடு ஒரு செப்பேடு போன்ற தகடு புதைக்கப்பட்டுள்ளது. அதன் வாசகத்தை எழுதியவர் நீதிபதியும் திறனாய்வாளருமாகிய ஜெப்ரி பிரபு. சுற்றியுள்ள கட்டடங்கள் யாவும் பொடியாகும் காலம் வரை இத்தகடு வெளிச்சத்தைக் காணாது. அன்று வெளிப்படுமாயின், இவ்வாசிரியர்க்கு அவர்தம் நாட்டார் கல்லெடுத்தனர் என்பதனை அது சான்று கூறும். ஆனால், இந்நன்றிச் செயல் மறக்கப்பட்டபின்னும் அவருடைய எழுத்துகள் நெடுங்காலம் நினைக்கப்படும் என்பதே அவ்வாசகத்தின் கருத்து. கல்லெடுத்தவரே கல்லினும் சொல்லே நெடிது நிற்கும் எனக் கல்லின் அடியில் எழுதிப் புதைத்தனர். தன் சிறுமையைத் தானே ஒப்பிய இவ்வடக்கம் இச்சின்னத்தின் மிக உயர்ந்த பகுதி என்பது எம் துணிபு. அது கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருப்பதும் ஏற்புடையதே.

ஜெப்ரியின் கூற்று இதுகாறும் மெய்ப்பட்டதா என நோக்குவோம். சின்னம் லின்லித்கோவை அடுத்த பின்னி என்னும் இடத்துக் கற்சுரங்கத்தின் மணற்கல்லால் கட்டப்பட்டது. அக்கல்லில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. நகரத்துப் புகைக்கூண்டுகளின் கரியும் அருகே ஓடிய நீராவி வண்டிகளின் கரியும் அதில் படிந்து, வெளிர்நிறமாயிருந்த கோபுரம் கருநிறமாயிற்று. 1990-களில் அதனைக் கழுவுதல் பற்றி ஆராய்ந்தபோது, கழுவினால் கல்லே சிதையும் எனக் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டனர். பழைய சுரங்கத்திலிருந்தே கல் எடுத்துப் பழுதுற்ற இடங்களை மட்டும் செப்பஞ் செய்தனர். பணி 1999-இல் நிறைவுற்றது. கல் கறுத்தது, எனினும் நிற்கின்றது.

சொல்லின் நிலையோ வேறு. இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்டின் புகழ் தாழ்ந்தது. 1927-இல் வெளிவந்த புதின இலக்கியம் பற்றிய தம் நூலில் இ. எம். பார்ஸ்டர் அவருடைய நடையையும் கதைக்கட்டுக்கோப்பையும் வன்மையாகக் கடிந்தார். லூக்காச் போன்ற அறிஞர் அவர்தம் அருமையை மீண்டும் எடுத்துக்காட்டினும், ஒரு காலத்தில் வீடுதோறும் படிக்கப்பட்ட நூல்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக வகுப்புகளிலும் ஆய்வுப் பதிப்புகளிலும் ஒதுங்கின. 287 படிகளையும் ஏறி நகரத்தைக் காண்பவருள், தாம் கடந்து செல்லும் மாடங்களில் நிற்போர் யாவர் என அறிவோர் சிலரே. அறிதற்குரிய குறிப்பு கல்லில் இல்லை; அது நூல்களில் மட்டுமே உள்ளது. இந்நிலையில் உருவங்கள் அணிகளாகச் சுருங்கிவிடுகின்றன. உரை, பொருள் விளங்காத எழுத்தாகின்றது.

மூலத்தைப் படியாதார்க்குப் பிறிதோர் இழப்பும் உண்டு. சின்னம் புகழ மட்டுமே அறிந்தது, குறையைக் காட்டாது. தமிழராகிய நமக்கு நெருங்கிய சான்றொன்று கூறுவோம். 1827-இல் வெளிவந்த 'மருத்துவரின் மகள்' என்னும் ஸ்காட்டின் கதை சென்னைக் கோட்டையையும் ஐதரலியின் மைசூரையும் களமாகக் கொண்டது. கதைத்தலைவியை வஞ்சித்தவன் இறுதியில் ஐதரின் ஆணைப்படி யானைக் காலால் மிதியுண்டு இறக்கின்றான். ஸ்காட் இந்தியாவைக் கண்டவரல்லர். இங்குப் பணியாற்றி மீண்ட நண்பர் கூறக் கேட்டு எழுதினார். தம் நாட்டு மலைகளை எழுதுகையில் மண்ணும் மொழியும் மாந்தர் நெஞ்சும் அறிந்து எழுதியவர், இக்கதையில் வியப்பையும் அச்சத்தையுமே பெரிதும் எழுதினார். எங்கு அவர் வன்மையுற்றார், எங்கு மெலிந்தார் என்பதனை இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பார் உணர்வர். கோபுரத்தை அண்ணாந்து நோக்குவார் உணரார். அவர்தம் மூத்த மகன் பெங்களூரில் படைத்தலைவராயிருந்து, தாயகம் திரும்பும் வழியில், சின்னம் திறக்கப்பட்ட மறு ஆண்டாகிய 1847-இல் கடலில் இறந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தந்தை கேள்வியால் எழுதிய நாட்டில் மகன் வாழ்ந்தார்; ஆனால் எழுதியவர் அவரல்லர்.

ஸ்காட் நிலைபெறச் செய்த வரலாற்றுப் புதினம் என்னும் வகை பல மொழிகளிலும் பரவியது. தமிழில் 1895-இல் தி. த. சரவணமுத்துப் பிள்ளை இயற்றிய 'மோகனாங்கி' அவ்வகைக்கு முதல்நூல் எனப்படுகின்றது. பின்னர்க் கல்கியால் அது பெருவழக்காயிற்று. ஸ்காட்டின் புகழ் தாழ்ந்த காலத்திலும் அவர் வகுத்த வடிவம் பிறமொழிகளில் வாழ்ந்தது. அவ்வாழ்விற்குக் கோபுரம் துணைசெய்யவில்லை, நூல்களே துணைசெய்தன. ஜெப்ரியின் கூற்று தாயகத்தில் தளர்ந்தது போலத் தோன்றினும், பரந்த நோக்கில் அது பொய்ப்படவில்லை எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். வடிவத்தாலும் இடத்தாலும் எடின்பரோச் சின்னம் மூலத்தின் இயல்பை உணர்ந்த உரை. வரலாற்று மாந்தரையும் புனைந்த மாந்தரையும் ஒருங்கு நிறுத்தியமையால் அது நுண்ணிய உரையுமாம். இளவரசனை நடுவே ஏற்றியமையால் முறை பிறழ்ந்தது. கேலிக் புலவரை விட்டமையால் குறைபட்டது. மூலமின்றித் தனித்து நிற்கவல்லதா என்னும் வினாவிற்கு, நிற்கும், ஆனால் பேசாது என்பதே விடை.

தொல்காப்பியனார் கல்லெடுக்கும் செய்தியைத் துறை துறையாக வகுத்தபோது, கல்லைக் காண்டலில் தொடங்கி நடுதலோடு நிறுத்தினாரல்லர். வாழ்த்துதல் ஈறாக வைத்தார். நடுதல் ஒருநாட் செயல். வாழ்த்துதல் வழிவழி வருவோர் செயல். அது வீரனைப் பொறுத்தவரை அவன் பெயரைச் சொல்லுதலாகும், புலவனைப் பொறுத்தவரை அவன் நூலைக் கற்றலாகும். எடின்பரோ நகரத்தார் நடுதலைச் சிறப்புறச் செய்தனர். அதற்கப்பால் செய்ய வேண்டியதனைத் தகட்டில் எழுதிப் புதைத்தும் வைத்தனர். ஆங்குக் கறுத்து நிற்கும் கோபுரத்தின் மாடங்களில் உள்ளோர் யாவர் என ஒரு மாணவன் வினவி, விடைதேடி நூலகத்திற்குள் நுழைவானாயின், அக்கல் நட்டதன் பயன் அன்று நிறைவெய்தும்.